நடாமல் விட்ட இடம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என் வீட்டுக்காரர் இராஜாங்கம் இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை, என் ஓரகத்தி அம்சத்தைப் பற்றி. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மருதையனைக் கட்டியவள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வந்திருக்கும், ஆனால் அதை அவள் வாயில் விட்டு வீணாக்க மாட்டாள்.

எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் மிராசுதார் தியாகராசனின் வயல் கிடந்தது. சுற்றிப் போக ஒரு வழி உண்டு, அது ஊர்த்தெரு வழியாகப் போகும். அங்கே எங்கள் பிணம் போகக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு அது, பிணத்தை யார் விடுவார்கள்? வயலில் வரப்பு இருந்தது. வரப்பில் ஒரு ஆள் நடக்கலாம், பாடை தூக்கிய நாலு பேர் நடக்க முடியாது. அதனால் எங்கள் தெருவில் கோடையில் செத்தவன் கொடுத்து வைத்தவன். காய்ந்த தரிசில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பயிர் நிற்கிற மாதத்தில் செத்தால் தொடை வரை சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும்.

அதோடு விட்டார்களா? சாவு விழுந்த வீட்டுப் பெண்கள் மூன்றாம் நாள் வயலில் இறங்கி, பாடை தூக்கியவர்கள் மிதித்த பயிரை மறுபடி நட்டுக் கொடுக்க வேண்டும். கூலி கிடையாது. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வழக்கம் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்சி மாறி, வீடு இருக்கிற மனை அவனவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டமும் போட்டிருந்த காலம் அது. தெருவே கூத்தாடியது. நானும் ஆடினேன். பிறகுதான் உறைத்தது. வீட்டு வாசல்படி வரைக்கும் எங்களுடையது, படியை விட்டு இறங்கினால் தியாகராசனுடையது. அவரும் சும்மா இல்லை. முன்பு கதர்த் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர், ஆட்சி மாறிய கையோடு துண்டின் கரையையும் மாற்றிக்கொண்டார். மேடையில் ஏறினால் சமத்துவம் பேசுவார். மேடையை விட்டு இறங்கினால் வழக்கம் பேசுவார்.

சட்டம் வந்த மறுவருடம் ஐப்பசியில் மருதையன் மச்சாண்டார் செத்துப்போனார். மிராசுதார் வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வடியவிட மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு கடித்தது. அவர் வேலையைச் செய்யப் போய்த்தான் செத்தார், இதை இரண்டு தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அடைமழை. பாடையைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். பாதி வயலில் முன்னால் போனவனுக்குக் கால் புதைந்து பாடை சாய்ந்தது. மச்சாண்டார் சரிந்து சேற்றுக்குள் முகம் குப்புற விழுந்தார். குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து அனுப்பிய மனுஷன். என் வீட்டுக்காரர் அண்ணன் முகத்திலிருந்த சேற்றைத் தன் வேட்டியால் துடைத்துத் துடைத்து அழுதார். நாங்கள் பெண்கள் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அம்சம் அக்கா மாரில் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை.

மூன்றாம் நாள் மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு வந்து தெருமுனையில் நின்றார்.

"பயிரு நல்லா மிதிபட்டுப் போச்சு. அய்யா பாத்துட்டு வருத்தப்பட்டாரு. இன்னிக்கே நட்டுக் குடுத்துடுங்க."

வருத்தப்பட்டாராம். மனுஷன் செத்ததற்கு இல்லை, பயிர் மிதிபட்டதற்கு! நான் வாயைத் திறந்தேன். அம்சம் அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். புருஷனுக்குப் பதினாறாம் நாள் காரியம் கூட ஆகாதவள். நானும் பின்னால் போனேன்.

அடர்ந்த குத்துகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிரித்தெடுத்து, மிதிபட்ட இடத்தில் நட வேண்டும். நான் குனிந்து நட ஆரம்பித்தேன். அவள் குனியவில்லை. கையில் பயிரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நடு. மழை வருது."

"பொன்னு, இங்க வந்து நின்னு பாரு."

"என்னத்தப் பாக்குறது?"

"வழி தெரியுதா?"

பார்த்தேன். எங்கள் தெருமுனையிலிருந்து சுடுகாட்டு வேலி வரைக்கும் பயிர் இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் சேறு குழம்பிக் கிடந்தது.

"இதானே வழி? புதுசா என்னத்த வெட்டணும்? எப்பவும் இருக்கு. ஒவ்வொரு சாவுக்கும் ஆம்பளைங்க மிதிச்சு வழி போட்டுட்டுப் போறாங்க. மூணாம் நாளு நாம வந்து நம்ம கையால மூடிக் குடுத்துட்டுப் போறோம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை தடவை மூடியிருக்கிறேன்! என் மாமனார் போன வழியை மூடினேன். என் முதல் பிள்ளை போன வழியை மூடினேன். வரிசை கோணாமல், இடைவெளி தப்பாமல், ரொம்ப ஒழுங்காக மூடினேன்.

"அப்ப நடாத. வா, போயிடலாம்," என்றேன்.

"இன்னிக்கு நடுறேன். நாம ரெண்டு பேரு நடாம போனா நாளைக்கு வேற ரெண்டு பேரு நடுவாங்க. எல்லாரும் நடாம இருக்குற நாளு வரும்." சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

அன்றிலிருந்து அவள் வேறு பேச்சே பேசவில்லை. களை பறிக்கும்போதும் அதே, அறுப்பிலும் அதே. நானே சலித்துப்போய், "உனக்குப் பித்துப் பிடிச்சுருக்கு" என்று திட்டியிருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சித்திரையில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் நடந்தது. தோழர் மதலைமுத்து வந்திருந்தார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். மிராசுதாரை 'ஆண்டே' என்று நாங்கள் கூப்பிடுவதை நிறுத்த வைத்தவர் அவர்தான், அதற்காக அடியும் வாங்கியவர். குறுவை நடவுக்கு முன்னால் மிராசுதாரிடம் வைக்கப்போகும் கோரிக்கைகளைப் படித்தார். மொத்தம் ஏழு. கூலி உயர்வு முதலில். சுடுகாட்டு வழி ஏழாவது.

அம்சம் அக்கா எழுந்தாள். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. பின்னால் யாரோ சிரித்தான்.

"ஏழு வேணாங்க தோழர். ஒண்ணு போதும்."

"எந்த ஒண்ணும்மா?"

"வழி."

"அதான் சேத்துருக்கோமே."

"ஏழாவதா சேத்துருக்கீங்க. ஆறைக் குடுத்துட்டு ஏழாவதை அப்புறம் பாக்கலாம்பாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டா அதைக் குடுக்கணும், இல்ல இல்லைன்னு சொல்லணும். நடுவுல பூந்து போக எடமில்ல."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணி என்றும் பார்க்காமல் கத்தினார். "செத்தவன் போறதுக்கு வழி கேக்குறீங்க, உசிரோட இருக்குறவன் வயித்துக்கு யாரு கேக்குறது?"

"கூலியை இந்த வருசம் ஏத்துவாரு, அடுத்த வருசம் எறக்குவாரு தம்பி. தடம் விழுந்துட்டா அதை எறக்க முடியாது. உங்க அண்ணன் மூஞ்சியைத் தொடச்சீங்களே, இன்னொரு தடவை யாரு மூஞ்சியைத் தொடைக்கப் போறீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் கூட்டம் அவள் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு ஏழாகவே இருந்தது. தோழர் சிரித்துக்கொண்டே, "உன் உணர்ச்சி புரியுதும்மா" என்றார். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு நான் அவரை அடித்திருப்பேன்.

மறுநாளிலிருந்து அம்சம் அக்கா வீடு வீடாகப் போனாள். நியாயம் பேசவில்லை, யாரையும் கெஞ்சவும் இல்லை. போய் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்க வீட்டுல கடைசியா போனது யாரு? எந்த மாசம்?" அவ்வளவுதான். மீதியை அவர்களே சொன்னார்கள். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்த காத்தாயி அத்தை, கார்த்திகையில் போன தன் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி முந்தானையில் மூஞ்சியைப் பொத்திக்கொண்டாள். ஆனி பிறப்பதற்குள் தெருவில் ஒரு பெண் பாக்கி இல்லை, வழி கிடைக்காமல் நடவுக்கு இறங்குவதில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது. நாற்று பறிக்கிற பக்குவத்துக்கு வந்தது. நாங்கள் நடவுக்குப் போகவில்லை.

தியாகராசன் லேசான ஆள் இல்லை. ஆம்பளைகளைக் கூப்பிட்டு விட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம், காப்பி கொடுத்தாராம். கூலியை ஏற்றுகிறேன் என்றார். ஆறு கோரிக்கைக்கும் சரி என்றார். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"வழி?" என்று கேட்டாள் அம்சம் அக்கா.

"அது அப்புறம் பாக்கலாம்னு சொன்னாரு அண்ணி."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நாற்காலியையும் காப்பியையும் சேர்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

ஆம்பளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் போகவில்லை. அப்போதுதான் தியாகராசன் எங்களைத் தெரிந்தவர் செய்கிற காரியத்தைச் செய்தார். ஆட்களை விட்டு நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி, எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த வரப்பில் வரிசையாகப் போடச் சொன்னார். தண்ணீரில் போடவில்லை, வெயிலில் போட்டார். பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் பச்சையாக இருந்த நுனி கொஞ்ச நேரத்தில் சுருண்டது. நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். போலீஸ் வந்திருந்தால் நின்றிருப்போம், அடியாள் வந்திருந்தாலும் நின்றிருப்போம். நாற்று வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எங்கள் பெண்களுக்குத் தெரியாது. இது எங்களுக்கே உரிய முட்டாள்தனம். அந்த ஆள் அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

முதலில் இறங்கியது காத்தாயி அத்தை.

"நாத்து என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று முனகிக்கொண்டே வரப்புக்குப் போய் ஒரு முடியை எடுத்தாள். அவள் போனதும் இன்னும் நாலு பேர். அப்புறம் யார் கணக்குப் பார்த்தார்கள், சேலையைச் செருகிக்கொண்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

எனக்குக் கண்ணே இருட்டியது. "வெக்கமா இல்ல? உங்க பிள்ளை வாடுனதைவிட அவன் நாத்து வாடுறதா பெருசாப் போச்சு? போங்கடி, போய் நடுங்க, நாளைக்கு உங்களையும் அதே சேத்துல தள்ளிக்கிட்டுப் போவாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காத்தாயி அத்தை அழுதுகொண்டே முடியைப் பிரித்தாள், ஆனாலும் பிரித்தாள்.

அம்சம் அக்கா கத்தவில்லை. அவளும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவள் நாற்றை எடுக்கவில்லை. தெருமுனைக்கு நேராக, மச்சாண்டார் போன இடத்தில், சேற்றில் போய் நின்றாள்.

"காத்தாயி அத்தை, அழுவாதீங்க. நடுங்க. நாத்து வாட வேணாம். எல்லாரும் நடுங்க. ஆனா நான் நிக்கிற எடத்துல மட்டும் யாரும் கை வைக்காதீங்க."

காத்தாயி அத்தை நிமிர்ந்தாள். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடவுக்காரிக்கே உரிய குரலில் கேட்டாள்.

"எம்மாம் அகலம்டி வுடணும்?"

"பாடை போற அகலம். ரெண்டு பக்கமும் தூக்குறவன் காலு வைக்க எடம். பொன்னு, நீ எறங்கி வா!"

நான் ஓடினேன். நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையை விரித்துக்கொண்டோம். என் வலது விரலும் அவள் இடது விரலும் தொட்டுக்கொண்டிருந்தன. அதுதான் அகலம். அப்படியே இரண்டு பேரும் சுடுகாட்டைப் பார்த்து அடி அடியாக நடந்தோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். யாரோ ஒருத்தி குலவை போட்டாள். கை விரித்து விரித்து எனக்குத் தோள் கடுத்துப்போனது. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றால் இத்தனை காலமும் ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை?

பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள் என்ற தெம்பில் காரியக்காரர் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய அவர் திரும்பி வந்தபோது வயல் முழுக்க நட்டாகிவிட்டது. நடுவில் வெறும் சேறு, தெருவிலிருந்து சுடுகாடு வரைக்கும்.

"ஏ, நடுவுல ஏன் வுட்டீங்க?"

"நாத்து பத்தலைங்க," என்றாள் காத்தாயி அத்தை. அவள் முதுகுக்குப் பின்னால் வரப்பில் முடிகள் குவிந்து கிடந்தன.

மறுநாள் தியாகராசன் லாரி வைத்து வெளியூர்ப் பெண்களைக் கொண்டுவந்தார். அவரும் கூடவே வந்து வரப்பில் நின்றார். பெண்களுக்குத் தலைவியாக வந்தவள் பெயர் அருள்மேரி. கழுத்தில் சிலுவை போட்டிருந்தாள். நாற்று முடியோடு வயலில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"இது என்ன, நடுவுல வழியாட்டம் கெடக்கு?"

அம்சம் அக்கா தெருமுனையிலிருந்து பதில் சொன்னாள். "பொணம் போற தடம். போன ஐப்பசியில எங்க வீட்டுக்காரு போனாரு."

அருள்மேரி முடியைக் கீழே வைத்தாள். தியாகராசனைப் பார்த்து, "பொணம் போற தடத்துல நாத்து வைக்கவா எங்களைக் கூட்டியாந்தீங்க?" என்றாள்.

"கூலி ரெட்டிப்பா தரேன். நடு."

"நீங்க எறங்கி மொத முடியை நடுங்க. அப்புறம் நாங்க நடுறோம்."

அவர் இறங்குவாரா? வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அம்சம் அக்கா வரப்பு வரைக்கும் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவங்களை ஏங்க கஷ்டப்படுத்துறீங்க? இத்தனை வருசமா நாங்க நட்டோம். எங்க பொணம் போன எடத்துல வெளஞ்ச நெல்லுதான் உங்க வீட்டுக் குதிருக்குப் போச்சு. உங்க வீட்டு அம்மா அதைத்தான் பொங்கி உங்களுக்குப் போட்டாங்க. பிள்ளைங்களுக்கும் போட்டாங்க. போதுங்க. இனிமே அந்த நெல்லு உங்களுக்கு வேணாம்."

அந்த ஆளின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்களைத் தெருவில் விடாதவர், எங்கள் தடத்தைத் தின்றிருக்கிறார். அது அவருக்கு அன்றுவரை தோன்றவில்லை. லாரியில் வந்த பெண்கள் வந்தபடியே அதில் ஏறிக்கொண்டு போனார்கள். வாய்க்காலில் கால் கழுவக்கூட அவர்கள் நிற்கவில்லை.

சாயங்காலம் போலீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்தோமாம், பயிருக்குச் சேதம் செய்தோமாம். நட்டவர்களைச் சேதம் செய்தவர்கள் என்று எழுதினார்கள். அம்சம் அக்காவையும் என்னையும் காத்தாயி அத்தையையும் இன்னும் சிலரையும் கொண்டுபோய் ஜெயிலில் வைத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வைத வசவில் வார்டர் அம்மாளே காதைப் பொத்திக்கொண்டாள். அம்சம் அக்கா சுவரில் சாய்ந்து தூங்கினாள். எப்படித் தூக்கம் வருகிறது என்று கேட்டேன். "தடம் அங்க கெடக்குல்ல, அது எங்க ஓடிடப் போவுது?" என்றாள்.

தோழர் மதலைமுத்து பார்க்க வந்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"பக்கத்து ஊருங்கள்லயும் பொம்பளைங்க நடவுல எடம் வுட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ஊர்ல ரோட்டுக்குப் போற வழி, இன்னொரு ஊர்ல கொளத்துக்கு. என்ன செய்யலாம்னு எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அதுவரை அவர் அவளை 'வாம்மா, போம்மா' என்றுதான் பேசியிருந்தார்.

"ஒரு ஊருக்கு ஒண்ணுதான் கேக்கணும்னு சொல்லுங்க தோழர்," என்றாள் அம்சம் அக்கா. "அந்த ஒண்ணு அந்த ஊருப் பொம்பளைங்களுக்குக் கண்ணை மூடினாத் தெரியணும். தெரியற வரைக்கும் ஆரம்பிக்க வேணாம்."

ஜாமீனில் வெளியே வந்தோம். குறுவை அறுத்து, அடுத்த போகமாகத் தாளடி நட்டபோதும் நடுவில் இடம் விட்டே நட்டோம். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் மற்ற ஆம்பளைகளும் வாய்க்காலில் வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து தடத்தில் கொட்டி மேடாக்கினார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தார்கள். தியாகராசன் வாய்க்காலை உடைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பார்த்தார். மறுபடி கொட்டினார்கள்.

கார்த்திகையில் காத்தாயி அத்தை செத்துப்போனாள். அன்றைக்கும் அடைமழை. பாடையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் தடத்தில் நடந்தார்கள். கணுக்காலுக்கு மேல் சேறு ஏறவில்லை. இரண்டு பக்கமும் அத்தை நட்ட பயிர் நின்றது. நாங்கள் தெருமுனையில் நின்று பார்த்தோம். பாடை ஆடாமல் அசையாமல் சுடுகாட்டு வேலியைத் தாண்டியபோது அம்சம் அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மச்சாண்டார் பெயரைச் சொல்லிக் கதறினாள். ஒரு வருடத்து அழுகை. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் யாரும் வயலில் இறங்கவில்லை.

மறு ஆனிக்குள் தியாகராசனுக்குப் புத்தி வந்துவிட்டது. புத்தி என்றா சொன்னேன்? தேர்தல் வந்துவிட்டது. சுற்றியுள்ள ஊர்களில் எங்கே போனாலும் பெண்கள் வழியைப் பற்றியே கேட்கிறார்கள் என்று கட்சியில் யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். ஒருநாள் காலையில் நாங்கள் நடவுக்கு இறங்கிய நேரம் பார்த்து ஜீப் வந்தது, மைக் வந்தது, மாலை வந்தது. தடத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். வேலை முடிந்து நாங்கள் கரையேறியபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள், தெருமுனையில் ஒரு கல் மட்டும் நின்றது. முழங்கால் உயரம். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்தேன்.

"வள்ளல் தியாகராசன் அவர்கள் மனமுவந்து வழங்கிய பாதை."

மனமுவந்து! மச்சாண்டார் விழுந்தது, நாங்கள் ஜெயிலில் கிடந்தது, காத்தாயி அத்தை அழுதுகொண்டே நட்டது, எல்லாம் எங்கே போயிற்று? வள்ளலாம். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. வீட்டுக்கு ஓடிக் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வந்தேன். பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவர்களுக்கும் அதே ஆத்திரம்தான்.

அம்சம் அக்கா கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தள்ளிக்க அக்கா."

"ஒடைச்சா என்ன ஆவும்?"

"என் வயிறு குளுரும்."

"குளுரும். நாளைக்குப் போலீசு வரும். கல்லை ஒடைச்சது யாருன்னு கேக்கும். ஊரு முழுக்கக் கல்லைப் பத்தியே பேசும். வழியைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. பொன்னு, நாம கேட்டது என்ன?"

"வழி."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஆனா பேரு அவனுது."

"பேரு கேட்டோமா?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. கேட்காவிட்டால் என்ன, எங்களுடையதுதானே? இப்படித்தானே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள்? நான் இதையெல்லாம் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

பிறகு திரும்பிக் கல்லைப் பார்த்தாள். அவளுக்கு முழங்கால் வரை நடவுச் சேறு அப்பியிருந்தது. வலது காலைத் தூக்கி, 'வள்ளல்' மேல் வைத்து, குதிகாலிலிருந்து விரல்வரை அழுத்தி வழித்தாள். சேறு எழுத்துக்குள் இறங்கியது. அடுத்து இடது காலை வைத்து வழித்தாள்.

"நல்ல ஒயரமாத்தான் நட்டிருக்கான்," என்றாள்.

நான் கடப்பாறையைக் கீழே போட்டேன். பின்னால் நின்ற பெண்கள் சேற்றுக் காலோடு ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள்.